பிறர் கடிதத்தைப் பிரித்தவர்கள்

ஒரு சமுதாயத்தில் ஆளுகிறவர் யார், ஆளப்படுகிறவர் யார் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. யாருடைய கடிதத்தை யார் பிரித்துப் படிக்கிறார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும். துரையின் கடிதத்தைத் தொழிலாளி பிரித்ததாக எந்தத் தோட்டத்திலும் கதை இல்லை. கணவனின் பெட்டியை மனைவி சோதித்தால் அதற்குப் பெயர் அடங்காமை. மனைவியின் பெட்டியைக் கணவன் சோதித்தால் அதற்குப் பெயர் அக்கறை. அரசு குடிகளை வேவு பார்த்தால் அது பாதுகாப்பு; குடிகள் அரசின் கணக்கைக் கேட்டால் அது துரோகம். நீதி ஒன்றே என்று சொல்லப்படும் உலகில் அளவுகோல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது.

இன்று கடிதம் உறையை விட்டுக் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவை, இரத்தோட்டை மலைச்சரிவுகளின் லயக் காம்பிராக்களிலும் அது இருக்கிறது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாயின் குரல், வங்கிக் கணக்கு, பிள்ளையின் பாடக் குறிப்பு, தொழிற்சங்கச் செய்தி, மகளின் புகைப்படம் ஆகிய அனைத்தும் உள்ளங்கை அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, கைத்தொலைபேசிக்குள் பிறர் நுழைகிறாரா என்று கண்டறிவதும், நுழையாமல் தடுப்பதும் இயந்திர நுணுக்கம் தெரிந்தவர்களின் தனிக் கவலையாக இருக்க முடியாது. இக்கவலைக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் சில பக்கங்கள் நமது மலைகளிலேயே எழுதப்பட்டவை. அவற்றைப் புரட்டிப் பார்த்த பின்னர் இன்றைய கருவிக்கு வருவோம்.

ஒற்றனும் இளந்தத்தனும்

வேவு நமக்குப் புதிய கலையன்று. திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம், 59ஆம் அதிகாரமாக, அமைந்திருக்கிறது. ஒற்றரை அரசனுக்குக் கண்ணாக வைக்கிறார் வள்ளுவர். பகைவரை மட்டுமன்றி, அரசனின் பணியாளரையும் சுற்றத்தாரையும் ஒற்றால் அறிய வேண்டும் என்கிறார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லும் நுட்பமும் அங்கே உண்டு. ஆயினும் அது அரியணையில் இருப்பவனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை என்பதை மறத்தலாகாது.

வேவுக்கு இலக்கானவனின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் புறநானூற்றின் 47ஆம் பாட்டைத் தேடிப் போக வேண்டும். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தான் இளந்தத்தன் என்னும் புலவன். அவன் ஒற்றனாகவே வந்தான் என்று கருதிய நெடுங்கிள்ளி அவனைக் கொல்லத் துணிந்தான். கோவூர் கிழார் இடைப்புகுந்து, பரிசில் நாடி ஊரூராகத் திரியும் எளிய வாழ்வு பிறர்க்குத் தீங்கு நினையாதது என்று எடுத்துரைத்து அவன் உயிரை மீட்டார். இளந்தத்தன் செய்த குற்றந்தான் யாது? ஓர் ஊரில் இருந்துவிட்டு மற்றோர் ஊருக்கு வந்தது! வேவு வளரும் இடத்தில் சந்தேகமும் வளர்கிறது. சந்தேகம் வளர்ந்த இடத்தில் குற்றத்துக்குச் சான்று தேவைப்படுவதில்லை. உலக வரலாற்றில் இளந்தத்தன்கள் பலர்; கோவூர் கிழார்கள் மிகச் சிலர்.

கசகசா விதையின் சாட்சியம்

பழைய ஒற்றன் ஒரு மனிதன். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் அவனால் நிற்க முடியும். தபால் சேவை பரவிய பின்னர் இந்தச் சிரமமும் அரசுக்கு இல்லாமற் போயிற்று. மக்கள் தம் மனத்தில் உள்ளதைத் தாமே எழுதி, உறையிலிட்டு, அரசாங்கத்தின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினர்.

1844ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு சம்பவம் இங்கே நினைவுகூரத்தக்கது. இத்தாலிய விடுதலை வீரர் மாத்சினி அப்போது அந்நகரில் அகதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தமக்கு வரும் கடிதங்களை யாரோ பிரித்துவிட்டு மீண்டும் ஒட்டுவதாக அவருக்கு ஐயம் எழுந்தது. ஐயத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தமக்குத் தாமே கடிதங்களை அனுப்பச் செய்து, உறைகளுக்குள் கசகசா விதையையும் மணலையும் தலைமயிரையும் வைத்துப் பார்த்தார். உறை வந்தது, உள்ளே வைத்தவை இல்லை. உள்நாட்டு அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாமின் உத்தரவுப்படி தபாற்கந்தோரிலேயே கடிதங்கள் உடைக்கப்பட்டன என்ற உண்மை வெளிவந்தது. பாராளுமன்றம் கொந்தளித்தது. அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த பந்தியேரா சகோதரர்கள் அதே ஆண்டு ஜூலையில் இத்தாலியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கடிதங்களில் இருந்த செய்தி கைமாறியதே அதற்குக் காரணம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தபாற்கந்தோரில் இயங்கிய இரகசியப் பிரிவு அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. ஆனால் உத்தரவு பிறப்பித்துக் கடிதம் உடைக்கும் அதிகாரம் மட்டும் மூடப்படவில்லை.

இச்சம்பவத்திலிருந்து நாம் இரண்டைக் கற்கிறோம். கண்டறிதல் என்பது அச்சமோ ஊகமோ அன்று; ஒரு சிறு சோதனை. கண்டறிந்ததை மறைத்து வைக்காமல் பொது மன்றத்தில் வைத்தபோதுதான் அதற்கு ஆற்றல் பிறந்தது.

மாத்தளை, 1848

அதே பேரரசின் கொடி, அடுத்த நான்கே ஆண்டுகளில், மாத்தளையில் தன் மற்றொரு முகத்தைக் காட்டியது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, தெருவுக்குக் கட்டாய உழைப்பு என்று குவிந்த சுமையைத் தாங்காத மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1848 ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு முதலியோர் தலைமையில் மாத்தளை நகரம் தாக்கப்பட்டது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைமறைந்திருந்த கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் எல்கடுவைப் பகுதியில் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இக்கிளர்ச்சியின் வரலாற்றில் நம் பொருளுக்கு நேராக வருவது குடாபொல தேரரின் வழக்கு. ஆகஸ்ட் 26ஆம் நாள் துறவாடையுடனேயே அவர் சுடப்பட்டார். அவர் வாளெடுத்தார் என்பதோ தீ வைத்தார் என்பதோ குற்றச்சாட்டு அன்று. கிளர்ச்சியாளரோடு நேராகவோ மறைமுகமாகவோ தொடர்பு வைத்திருந்தார்; தேடப்பட்டவரைப் பற்றித் தாம் அறிந்ததை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்; இராஜத்துரோகமான சத்தியம் ஒன்றைச் செய்வித்தார். இவையே குற்றச்சாட்டுகள். தொடர்பும் மௌனமும் மரண தண்டனைக்குப் போதிய குற்றங்களாயின! யார் யாரோடு பேசினார் என்ற செய்தி, அவர் என்ன பேசினார் என்பதைக் காட்டிலும் ஆட்சியாளருக்குப் பெறுமதி உடையது. இன்று தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில், எந்த எண் எந்த எண்ணை எத்தனை மணிக்கு அழைத்தது என்று ஏறியிருக்கும் வரிகளை வெறும் கணக்கு என்று அலட்சியம் செய்வோர் இவ்வழக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

தகரத் துண்டும் தபாற் பையும்

கிளர்ச்சி அடக்கப்பட்டது; கோப்பி பெருகியது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர் நம் முன்னோர். வழியில் பசிக்கும் பேதிக்கும் பலியானவர்களின் எலும்புகள் மீதுதான் வடக்குப் பாதை அமைந்தது என்று சொல்வது மிகையாகாது. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது கண்காணிப்புக்கென்றே அமைந்த ஒரு வாழ்க்கை. கங்காணி என்னும் சொல்லே கண்காணிப்பவன் என்ற பொருளுடையதன்றோ!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட்டு முறை வந்தது. மாவட்டத்தின் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளின் எண் ஆகியவை பொறித்த ஒரு தகரத் தகட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொழிலாளி பயணம் செய்தான். அவன் பெயர் என்ன என்று எவரும் கேட்க வேண்டியதில்லை; தகடு பேசிவிடும். தோட்டம் மாற வேண்டுமானால் துண்டு என்னும் சீட்டு வேண்டும். கங்காணியின் ஆட்களுக்குள்ள கடனை அடைத்தால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் அச்சீட்டு, ஓர் ஆளின் கடனையும் அவன் கால்களையும் ஒரே கயிற்றால் கட்டியது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. இன்று ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சிம் அட்டையும் ஓர் அடையாள அட்டையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போகும் வழியெல்லாம் அது கோபுரங்களோடு பேசிக்கொண்டே போகிறது. தகரத் தகட்டை நாம் விரும்பிக் கட்டிக்கொள்ளவில்லை. இதையோ விலை கொடுத்து வாங்குகிறோம். பயன் கருதி வாங்குகிறோம், பயன் உண்மையானதே. ஆனால் எதைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற அறிவும் வேண்டாமா?

கடிதத்தின் கதையும் இதே கதைதான். லயத்துக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. தபாற் பை தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்தே கடிதம் உரியவரைச் சேர வேண்டும். இன்றும் பல தோட்டங்களில் இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. எழுத்தறியாத தாய் ஒருத்திக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால், அதை வாசித்துச் சொல்ல மற்றொருவர் வேண்டும். மறுமொழி எழுதவும் மற்றொருவர் வேண்டும். அவளுடைய துக்கமும் கடனும் குடும்ப வழக்கும் அவள் காதுக்கு எட்டுமுன் பிறர் கண்ணுக்கு எட்டிவிடும். வாசித்துச் சொன்னவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. எனினும் ஒருவரின் அந்தரங்கம் மற்றொருவரின் நல்ல குணத்தை நம்பித்தான் வாழ வேண்டும் என்பது எவ்வளவு பெரிய அடிமைத்தனம்!

தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது அத்துமீறல் என்று சட்டம் சொன்ன காலம் அது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்பதை மலையகம் இன்றும் பெருமையோடு பேசுகிறது. 1936இல், மாத்தளை மலைகளுக்கு அண்மையிலுள்ள மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தேயிலைத் தொழில் பழக வந்தார் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர். வெள்ளைக்காரராயினும் அவர் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார், வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் கொடுமையை எடுத்துப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், பொலிசார் தேடினர், கட்சி அவரைக் காத்தது. மே மாதம் அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. காலிமுகத் திடலில் மக்கள் வெள்ளத்தின் நடுவே அவர் பகிரங்கமாகத் தோன்றினார். மே 18ஆம் நாள், பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தலைமறைவு அவருக்குச் சில நாட்களைத் தந்தது; விடுதலையைத் தந்தவை மக்கள் திரளும் சட்டமுமே. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உறையில்லாத கடிதம்

தபாலுக்குப் பின் தந்தி. தந்திக்குப் பின் தொலைபேசி. கருவி மாறியதேயன்றிக் கேள்வி மாறவில்லை. இந்தியாவில் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் வழங்கிய அதிகாரத்தின் பெயரால் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டு வந்தன. 1996இல் மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், ஒட்டுக்கேட்டல் தனிமனித உரிமையைப் பாதிப்பதே என்று கூறி, அதற்கு வரையறைகளை விதித்தது இந்திய உச்ச நீதிமன்றம். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பின் மை காய்ந்து நான்கு ஆண்டுகள் ஆகுமுன் பெகாசஸ் விவகாரம் வெடித்தது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் உளவு மென்பொருள் அது. உரியவர் எதையும் தொடாமலேயே கைத்தொலைபேசிக்குள் நுழைந்து, செய்தியைப் படிக்கவும் ஒலிவாங்கியைத் திறக்கவும் வல்லது. 2021 ஜூலையில் பல நாடுகளின் பத்திரிகையாளர்கள் கூடி ஆராய்ந்து வெளியிட்ட பட்டியலில் பத்திரிகையாளர், வழக்கறிஞர், எதிர்க்கட்சியினர், தமிழகத்து இயக்கத்தவர் சிலரது எண்களும் இருந்தன. உச்ச நீதிமன்றம் குழு ஒன்றை அமைத்தது. சோதிக்கப்பட்ட 29 கைத்தொலைபேசிகளில் 5இல் தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என்று அறுதியிட முடியவில்லை என்றும், அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் தெரியவந்தது.

இந்த மென்பொருள் முதன்முதலில் பிடிபட்ட விதம் மாத்சினியின் கசகசாவை நினைவூட்டுவது. 2016இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமையாளர் அகமது மன்சூருக்கு, சிறைக் கொடுமை பற்றிய இரகசியங்கள் உண்டு என்ற ஆசை வார்த்தையோடு ஓர் இணைப்புக் குறுஞ்செய்தியாக வந்தது. அவர் அதைத் தொடவில்லை. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளருக்கு அதை அப்படியே அனுப்பி வைத்தார். தொடாத ஒரு விரல், உலகறியாத ஓர் ஆயுதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இலங்கையின் நிலை என்ன? 1991ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், தமக்குரியதல்லாத செய்தியை இடைமறித்து அறிவதைக் குற்றமாக்குகிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவோருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கைத்தொலைபேசியும் ஒரு கணினியே. அதே சட்டம், நீதவானின் ஆணை பெற்றும், அவசரம் எனக் கருதினால் ஆணையின்றியும் செய்திகளை இடைமறிக்கப் பொலிசாருக்கு வழி விட்டிருக்கிறது. தனிநபர் தரவைக் காக்க 2022இல் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டத்தின் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் தனி உரிமையாக இன்னும் எழுதப்படவில்லை. கதவு உண்டு, தாழ்ப்பாள் அரைகுறை.

வீட்டுக்குள் இருக்கும் தபாற்கந்தோர்

பெகாசஸ் போன்றவை பெரும் பணம் செலவிட்டுக் குறிப்பிட்ட சிலர் மீது ஏவப்படும் ஆயுதங்கள். இரத்தோட்டைத் தோட்டத்துப் பெண்ணின் கைத்தொலைபேசிக்குள் நுழைய அவ்வளவு செலவு தேவையில்லை. பத்து நிமிடம் அது ஒருவர் கையில் இருந்தால் போதும்.

நமது மாணவர் இல்லங்களில் நாம் காண்பது இதுதான். புதுக் கைத்தொலைபேசி வாங்கியதும் கடைக்காரப் பையனே கணக்குத் திறந்து கொடுக்கிறான். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அவன் நினைவில். உரியவருக்கு அது என்னவென்றே தெரியாது. அந்தக் கணக்குக்குள் அவன் எங்கிருந்தும் நுழைந்து புகைப்படங்களையும் இருப்பிடத்தையும் பார்க்கக்கூடும். கடிதத்தை வாசித்துச் சொன்னவரின் இடத்தில் இன்று கணக்குத் திறந்து கொடுத்தவர் வந்து அமர்ந்துவிட்டார். அண்ணன் தங்கையின் கைத்தொலைபேசியைச் சோதிப்பதும், கணவன் மனைவியின் வட்ஸ்அப்பைத் தன் கருவியோடு இணைத்து வைப்பதும் குடும்ப ஒழுங்கு என்ற பெயரில் நடக்கின்றன. பிரட்டுக்களத்தில் துரைக்கு முன் தலைகுனிந்து நின்றவனே வீட்டுக்குள் வந்ததும் துரையாகிவிடுவது எவ்வளவு இழிவு! துரையின் அதிகாரத்தை எதிர்க்கும் நாம் அந்த அதிகாரத்தின் சிறு நகலை நம் கூரையின் கீழ் வளர்க்கலாமா?

இனிக் கண்டறியும் வழிகளைப் பார்ப்போம். பற்றரி விரைவில் இறங்குவது, கருவி சூடாவது, டேட்டா காரணமின்றிக் கரைவது ஆகியவை அடையாளமாகச் சொல்லப்படுகின்றன. இவை ஐயத்துக்கு இடந்தருமேயன்றிச் சான்றாகா. பழைய பற்றரியும் சூடாகத்தான் செய்யும். உறுதியான சோதனைகள் வேறு. வட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், நம் செய்திகளை வேறு எந்தக் கருவி படிக்கிறது என்பது தெரியும்; அறியாத கருவி இருந்தால் அங்கேயே வெளியேற்றலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் இவ்வாறே கருவிகளின் பட்டியல் உண்டு. செட்டிங்ஸில் செயலிகளின் முழுப் பட்டியலைப் பார்த்து, நாம் நிறுவாதது எது, திரையைப் படிக்கவும் ஒலிவாங்கியைத் திறக்கவும் இருப்பிடம் அறியவும் அனுமதி பெற்றிருப்பது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கணக்கு எழுதும் செயலிக்கு ஒலிவாங்கி எதற்கு? அண்மைக்கால அன்ட்ரொய்ட், ஐபோன் கருவிகளில், ஒலிவாங்கியோ கமெராவோ இயங்கும்போது திரையின் மேல் விளிம்பில் பச்சை அல்லது செம்மஞ்சள் புள்ளி தோன்றும். நாம் பயன்படுத்தாத வேளையில் அது தோன்றினால் காரணத்தைத் தேட வேண்டும்.

*#21# என்று அழுத்தினால் உளவு தெரிந்துவிடும் என ஒரு செய்தி கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் உண்மை பாதியே. நமக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்பதை மட்டும் அது காட்டும். திருப்பியிருந்தால் ##002# அதை நீக்கும். உளவு மென்பொருளைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. அரைகுறை அறிவு தரும் நிம்மதி, அறியாமையைக் காட்டிலும் ஆபத்தானது.

தடுக்கும் வழிகள் எளியவை. திரைக்குப் பூட்டு, பிறந்த ஆண்டும் 1234உம் பூட்டாகா. கணக்கின் கடவுச்சொல் உரியவர் கையிலேயே இருத்தல்; கடைக்காரர் திறந்த கணக்காயின் அன்றே மாற்றுதல், அதற்குரிய மீட்பு எண்ணும் நம்முடையதா என்று பார்த்தல். வட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குதல். குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணை, நண்பர் கேட்டாலும் வங்கி கேட்டாலும், கொடாதிருத்தல். பலரின் வட்ஸ்அப் கணக்குகள் பறிபோவது இந்த ஒரு வாசல் வழியாகவே. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவாதிருத்தல். கருவி கேட்கும் புதுப்பித்தலைத் தள்ளிப் போடாதிருத்தல். ஓட்டைகளை அடைப்பது அதுவே. அடிக்கடி அணைத்து மூட்டுதல். நினைவகத்தில் மட்டும் தங்கும் சில உளவு மென்பொருள்கள் அதனால் அறுபடும். ஐயம் தீராவிடில், வேண்டியவற்றைப் பிரதியெடுத்துக்கொண்டு, கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, வேறொரு நம்பிக்கையான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல். ஊடகவியலாளர், சங்கத் தலைவர் போன்று அதிக இலக்காகக்கூடியவர்களுக்கு, 2022 முதல் ஐபோனில் ‘லொக்டவுன்’ என்னும் கடும் காப்பு நிலை ஒன்றும் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்துத் துன்புறுத்தும் கணவனின் வேவிலிருந்து தப்ப நினைக்கும் பெண், உளவுச் செயலியைக் கண்டவுடன் அழித்தால் அவன் அதை உடனே அறிந்துவிடக்கூடும். சான்று கைவிட்டுப் போவதோடு, அடுத்த அடியும் விழக்கூடும். முதலில் நம்பத்தக்க ஒருவரிடம், வேறொரு கருவியிலிருந்து, செய்தியைச் சொல்லிப் பாதுகாப்பை உறுதி செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்கான 1938 என்ற உதவி எண்ணும், கணினிச் சம்பவங்களுக்கான ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற எண்ணும் இதற்கென உள்ளவை.

நாம் செய்ய வேண்டியது

மேலே சொன்னவை யாவும் தனிமனிதன் தன் கதவுக்கு இடும் பூட்டுகள். பூட்டு வேண்டும், ஆனால் பூட்டு மட்டும் போதாது என்பதே மாத்தளை மலைகள் நமக்குத் தரும் பாடம். துண்டு முறையைத் தொழிலாளி ஒருவன் தனியே ஒளிந்து ஒழித்துவிடவில்லை. தேசாதிபதியின் ஆணையைப் பிரேஸ்கேர்டில் தலைமறைவால் மட்டும் வென்றுவிடவில்லை. திரண்ட மக்களும், அவர்கள் கையில் எடுத்த சட்டமும் சேர்ந்தே வென்றன.

ஆகவே, ஒவ்வொரு பாடசாலையும் தன் மாணவருக்கும் அவர்தம் தாய்மாருக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கி, கணக்குகளைச் சோதித்துக் கடவுச்சொல்லை உரியவர் கையில் ஒப்படைக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் இதைச் சம்பளப் பேச்சுக்கு அடுத்த பணியாகக் கொள்ளலாம். வாசிகசாலைகள் முன்பு கடிதம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தனவன்றோ? இன்றைய எழுத்தறிவு இது. இவற்றோடு, நீதிமன்ற ஆணையின்றி எவருடைய செய்தியும் திறக்கப்படலாகாது என்பதையும், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்பதையும் அரசியலமைப்பில் எழுதுமாறு ஒரே குரலாகக் கேட்க வேண்டும்.

தகரத் தகட்டில் எண்ணாக வந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு, தபாற் பையைக் கடந்து, துரையின் ஆபீசைக் கடந்து, தன் சொல்லைத் தானே நேராக அனுப்பும் வசதி முதன்முறையாகக் கைக்கு வந்திருக்கிறது. தலைமுறைகள் பல நடந்து பெற்ற பேறு அது. அதைத் திறக்கும் சாவி எவர் கையிலும் இருக்கலாகாது, உரியவர் கையைத் தவிர.